சத்தமில்லாமல் இறங்கிய மோட்டார் சைக்கிள்

அறுபதுகளின் கடைசியில், ஒரு மாரி காலத்தில் நடந்தது இது. அப்போது நான் திருகோணமலைத் துறைமுகத்தில் எழுதுவினைஞன், கிளாக்கர் வேலை. ஓர்ஸ் ஹில்லில், துறைமுகத்தைப் பார்த்துச் சரிந்து இறங்கும் ஓர் ஒழுங்கையின் அடியில் எங்களுக்கு அரசாங்க வீடு. அடுத்த வளவில் துறைமுக வேலைத்தளத்து மெக்கானிக் ஒருவர் குடும்பத்தோடு இருந்தார். என்னைவிட ஐந்தாறு வயது இளையவர். என்னை அண்ணை என்பார். நானும் பேச்சுக்குத் தம்பி என்பேன்.

அந்த மனிதருக்கு உலகத்தில் இரண்டே விஷயங்கள்தான். ஒன்று, மனைவியும் மூன்று பெண் பிள்ளைகளும். மற்றது, வெள்ளைக்காரர் துறைமுகத்தை விட்டுப் போனபோது கழித்துவிட்டுப் போன ஒரு மோட்டார் சைக்கிள். பக்கத்தில் ஒற்றைச் சில்லோடு, ஆள் இருக்கிற பெட்டி ஒன்று பூட்டியது. ஞாயிற்றுக்கிழமையானால் மூத்தவள் தகப்பனுக்குப் பின்னால், தாய் பெட்டிக்குள், தாயின் மடியில் கடைக்குட்டி, காலடியில் நடுவிலாள். அப்படியே கோணேசர் கோயிலுக்குப் போவார்கள், கன்னியா வெந்நீர்க் கிணற்றுக்குப் போவார்கள். பள்ளி விடுமுறையில், பாதை என்று நாங்கள் சொல்லும் மிதவையில் வண்டியை ஏற்றித் துறைகளைக் கடந்து மூதூர் வரைக்கும் போய் வருவார்கள். குடி இல்லை, காட்ஸ் விளையாட்டு இல்லை. சனிக்கிழமை பின்னேரம் பிள்ளைகளோடு முற்றத்தில் குந்தியிருந்து சில்லுக் கம்பிகளை ஒவ்வொன்றாகத் துடைப்பார். சிரிப்புச் சத்தம் எங்கள் வீடு மட்டும் கேட்கும்.

எங்களுக்கு வெகு காலம் பிள்ளை இல்லை. அந்தச் சிரிப்பு எனக்கு எரிச்சலாக இருந்தது என்பதை இப்போதாவது ஒத்துக்கொள்கிறேன்.

கடைசியில் எங்களுக்கும் ஒரு மகன் பிறந்தான். எடை குறைந்த பிள்ளை. பகலில்தான் கொஞ்சம் கண் மூடும். அது கண் மூடும் நேரமாகப் பார்த்து அவர் வேலை முடிந்து படபடவென்று வந்து இறங்குவார். பிள்ளை துடித்துப் பதைத்து எழும்பும். ஒருநாள் எனக்குத் தலைக்கேறிவிட்டது. அவருடைய மனைவி, பிள்ளைகள் எல்லோரும் பார்த்திருக்க வேலியடியில் நின்று கத்தினேன்.

"இது வீடோ, வேலைத்தளமோ? உம்மட சைக்கிள் சத்தத்திலை என்ர பிள்ளை செத்துப்போகப் போகுது!"

அவர் முகம் சுருங்கிப் போயிற்று. "மன்னிச்சுக்கொள்ளுங்கோ அண்ணை. இனி உங்களுக்குச் சத்தம் கேக்காது" என்றார். அவ்வளவுதான்.

அடுத்த நாளிலிருந்து ஒழுங்கையின் உச்சியில், வேப்பமரத்தடியில், எஞ்சினை நிறுத்திவிடுவார். சரிவில் வண்டி தானாக உருண்டு வந்து வளவு வாசல் படலையடியில் நிற்கும். காலையில் போகும்போது ஸ்டார்ட் பண்ண மாட்டார். அந்தப் பாரத்தை மேடு முழுக்கத் தள்ளிக்கொண்டு போவார். பிள்ளைகள் வளர்ந்த பிறகு, பள்ளிக்கூட வெள்ளைச் சட்டையோடு மூன்று பேரும் பின்னால் நின்று தள்ளுவார்கள். நான் ஜன்னலடிக் கதிரையில் தேத்தண்ணீர் குடித்தபடி பார்த்துக்கொண்டிருப்பேன்.

என் மகன் தேறினான். நடந்தான், ஓடினான், பள்ளிக்கூடமும் போகத் தொடங்கினான். தலைமாட்டில் தகரம் தட்டினாலும் எழும்பாத நித்திரை. அப்போதும் அவர் தள்ளிக்கொண்டுதான் போனார்.

"பாவம் அந்த மனிசன். இனிக் காணும், போதும் எண்டு ஒருக்காச் சொல்லுங்கோவன்" என்று என் மனைவி எத்தனையோ தரம் சொன்னாள்.

"அவருக்கு அது தேகப்பயிற்சி" என்றேன் நான். உள்ளுக்குள் என்ன தெரியுமா? வேலியடிக்கு நானாகப் போனால், அன்றைக்குக் கத்தியது பிழை என்று ஆகிவிடும். அதற்கு என் வீம்பு இடம் கொடுக்கவில்லை. நாளைக்குச் சொல்லலாம், தீபாவளிக்குச் சொல்லலாம் என்று ஏழு வருடம் போயிற்று.

அந்த மாரியில் ஒருநாள் பின்னேரம், தூற்றல் மழை. சரிவின் நடுவே ஒரு வளவுக்குள் விறகு இறக்கிய லொறி பின்பக்கமாக ஒழுங்கைக்குள் வந்திருக்கிறது. மேலேயிருந்து இவர் உருண்டு வந்திருக்கிறார். நனைந்த தெருவில் பிரேக் பிடிக்கவில்லை. நான் ஓடிப் போய்ப் பார்த்தபோது அவரை வேலியோரம் கிடத்தியிருந்தார்கள். பெட்டி நசுங்கியிருந்தது. பிள்ளைகளுக்கு வாங்கி வந்த இனிப்புப் பணிஸ் கடுதாசிப் பையோடு மழையில் ஊறிக்கொண்டிருந்தது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

லொறிக்காரர் தலையில் அடித்து அழுதார். "ஐயா, சத்தம் கேட்டிருந்தா நிப்பாட்டியிருப்பன். சத்தமே வரேல்லை ஐயா!"

நின்றவர்கள் மழை என்றார்கள், விதி என்றார்கள். ஏன் சத்தம் வரவில்லை என்று எனக்குத் தெரியும். நான் வாய் திறக்கவில்லை. செத்த வீட்டு வேலை முழுவதையும் தலையில் போட்டுக்கொண்டு ஓடித் திரிந்தேன். "அண்ணை மாதிரி ஒரு அயலவர் கிடைக்க வேணும்" என்று ஆட்கள் சொன்னார்கள்.

எட்டாம் நாள் எட்டுச் செலவு. இறந்தவருக்குப் பிடித்ததையெல்லாம் சமைத்துப் படைப்பது எங்கள் வழக்கம். இறால் பொரியல், கத்தரிக்காய்ப் பால்கறி, பணிஸ் எல்லாம் வாழையிலையில் இருந்தன. அவற்றுக்கு நடுவே, குத்துவிளக்கை ஒட்டினாற்போல, ஒரு மருந்துப் போத்தல். மூடி இல்லை. மணத்திலேயே தெரிந்தது, பெற்றோல். கடைக்குட்டி கொண்டுவந்து வைத்திருக்கிறாள்.

"அப்பாவுக்கு இதுவும் விருப்பம்தானே மாமா" என்றாள்.

திரியிலிருந்து ஒரு சாண் தூரம்கூட இல்லை. மெல்ல எடுத்துக்கொண்டு குசினிக்குள் போனேன். அவருடைய மனைவி தனியே நின்றிருந்தார். போத்தலை நீட்டினேன். அதற்கு மேல் என்னால் அடக்க ஏலாமல் போய்விட்டது.

"தங்கச்சி, லொறிக்காரன் சத்தம் கேக்கேல்லை எண்டவன். அது என்னாலைதான்" என்றேன்.

"தெரியும் அண்ணை" என்றார். குரலில் கோபம் இல்லை. அதுதான் பயமாக இருந்தது. "உங்கட பிள்ளை பள்ளிக்கூடம் போகுது, இனி ஏன் தள்ளுறியள் எண்டு நானும் கேட்டனான். 'அண்ணை வாயாலை காணும் எண்டு சொல்லட்டும்' எண்டவர். நீங்கள் சொல்லுவியள் எண்டு பாத்துக்கொண்டுதான் இருந்தவர்."

அவர் போத்தலை வாங்கி மூடியைத் தேடி இறுக்கினார். "இதைக் கீழை ஊத்தக்கூடாது. படைச்ச சாமான்" என்று சொல்லி அலுமாரிக்குள் வைத்தார்.

முப்பத்தோராம் நாள் கிரியைகளும் முடிந்தன. தாயும் பிள்ளைகளும் தங்கள் சொந்த ஊரோடு போவது என்று தீர்மானித்தார்கள். வண்டியை மூதூரிலிருந்து வந்த ஒரு முஸ்லிம் வியாபாரி வாங்கினார். நல்ல மனிதர். பெட்டியை நிமிர்த்திப் பூட்டியாயிற்று. அவர் வண்டியைப் படலைக்கு வெளியே உருட்டிவிட்டு, கைபிடியைப் பிடித்துக் குனிந்து தள்ளத் தொடங்கினார்.

"ஏன் தள்ளுறியள்?" என்றேன்.

"மனுசன் மௌத்தான வீட்டு வாசல்ல சத்தம் போடப்படாது. மேட்டுக்குப் போய் ஸ்டார்ட் பண்றன்."

"வேண்டாம்! இஞ்சையே ஸ்டார்ட் பண்ணுங்கோ. நல்லாச் சத்தம் போடுங்கோ" என்றேன். சொல்லும்போதே அழுதுவிட்டேன். அவர் திகைத்துப் போய், வாசலில் நின்ற பிள்ளைகளின் அம்மாவைப் பார்த்தார். அம்மா தலையசைத்தார். கடைக்குட்டி ஓடிப் போய் மருந்துப் போத்தலை எடுத்து வந்து, அதில் இருந்த பெற்றோலைத் தாங்கிக்குள் ஊற்றினாள். வியாபாரி இரண்டு உதை உதைத்தார். மூன்றாவதில் எஞ்சின் பற்றியது. ஒழுங்கையே அதிர்ந்தது.

வீட்டுக்குள் படுத்திருந்த என் மகன் ஓடி வந்து என் சாரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றான். வண்டி மேடேறி வேப்பமரத்தைத் தாண்டி மறையும்வரை வாயைத் திறந்தபடி பார்த்தான். பிறகு கேட்டான்.

"அப்பா, மாமாவின்ர சைக்கிளுக்குச் சத்தம் இருக்கோ?"

இன்றைக்கும் என் ஒரு சொல்லுக்காக யாராவது எதையாவது விட்டுக்கொடுத்தால், அவர்களைத் தேடிப் போய் "காணும்" என்று நானே சொல்லிவிடுகிறேன். ஆனால் அந்தச் சொல்லுக்காக ஏழு வருடம் காத்திருந்தவருக்கு அதை இனி எங்கே போய்ச் சொல்வது என்று மட்டும் எனக்குத் தெரியவில்லை.