கம்பளித் துணியை அவிழ்த்த விதோசவா

விதோசவா என்ற பெண்மணிக்கு ஐம்பத்தெட்டு வயது. எங்கள் செர்பிய ஊரில் எந்தக் கட்டடத்தில் காற்று இயந்திரம் மக்கர் பண்ணினாலும் அவரைத்தான் கூப்பிடுவோம். ஜூன் மாதத்திலும் கழுத்தில் கம்பளித் துணி சுற்றியிருப்பார். அதில் ஆச்சரியமில்லை. இங்கே யாருக்குத் தலை வலித்தாலும், எந்த ஜன்னல் திறந்திருந்தது என்பதுதான் முதல் கேள்வி. பின்கழுத்தில் படும் காற்றுக்கு நாங்கள் பயப்படுவதுபோல் வரி அதிகாரிக்குக்கூடப் பயப்பட மாட்டோம்.

போன ஜனவரியில் அவர் எங்கள் பள்ளிக்கு வந்தார். நான் அங்கே மூன்றாம் வகுப்பு ஆசிரியை. வெளியே விறகும் நிலக்கரியும் எரிந்த புகை. ஜன்னலைத் திறக்க முடியாது. வெளிக்காற்றை வடிகட்டி உள்ளே அனுப்பத்தான் புது இயந்திரம் வைத்திருந்தார்கள். அதுவும் ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் என் வகுப்புச் சுவரில் இருந்த மானி, கரியமில வாயுவை 2400 என்று காட்டியது. ஆயிரத்துக்குள் இருக்க வேண்டும். இருபத்தெட்டுப் பிள்ளைகளும் கொட்டாவி விட்டார்கள். ஆஸ்துமா உள்ள தியானா இளைத்து இளைத்து மருந்துக் குப்பியைத் தேடினாள். வெள்ளிக்கிழமைக்குள் சரியாகாவிட்டால் அவளை மலையிலிருக்கும் சித்தி வீட்டுக்கு அனுப்பிவிடப் போவதாக அவள் அம்மா சொல்லிவிட்டார். எட்டு வயதுக் குழந்தை, அம்மாவைப் பிரிந்து.

இயந்திரமே தண்டம் என்றார் தலைமை ஆசிரியர். விதோசவா கூரைக்கு ஏறிப் போனார். இரண்டு நாள் அங்கே உறைபனியில் நின்று வடிகட்டி, விசிறி, குழாய் என ஒவ்வொன்றாக அளந்தார். புதன்கிழமை ஏணியோடு என் வகுப்புக்குள் வந்தார்.

"காத்து ஒழுங்காத்தான் கெளம்புது டீச்சர். இங்க வந்து சேரல."

என் நாற்காலிக்கு மேலே தொங்கிய தேசப்படத்தைத் தூக்கினார். பின்னால், காற்று வரும் வாயை மூடி ஓர் அட்டை, அதைச் சுற்றி நாலு பக்கமும் ஒட்டுநாடா. ஒட்டியவள் நான். நவம்பரில் பின்கழுத்தில் சில்லென்று பட்டதும் செய்த வேலை. எனக்கு அவமானத்தில் முகம் எரிந்தது.

அவர் திட்டவில்லை. அட்டையைப் பிய்த்தார், காற்று கூரையை ஒட்டிப் போகும்படி தகடுகளைத் திருப்பினார். பிறகு என் நாற்காலியில் உட்கார்ந்து, கம்பளித் துணியை அவிழ்த்தார். அந்தக் கழுத்தை ஊரில் யாரும் பார்த்ததில்லை.

"எனக்கும் பயந்தான் டீச்சர். நீங்க பாடத்த நடத்துங்க. நாளைக்கு என் கழுத்து புடிச்சுக்கிட்டா, நானே வந்து அட்டைய ஒட்டித் தரேன்."

ஒரு பாடவேளை முழுக்க அசையாமல் உட்கார்ந்திருந்தார். பிள்ளைகள் என்னைப் பார்க்கவில்லை. அவர் கழுத்தையும் மானியையும் மாறி மாறிப் பார்த்தார்கள். 2400, 1700, 1100. மணியடித்தபோது 850. அன்று மாலை தலைமை ஆசிரியருக்கு அவர் எழுதிக் கொடுத்தது ஒரே வரி: காற்றுவாய் அடைபட்டிருந்தது, நீக்கப்பட்டது. யார் அடைத்தது என்று எழுதவில்லை.

மறுநாள் காலை வகுப்பு வாசலில் நின்று கழுத்தை இடமும் வலமும் திருப்பிக் காட்டிவிட்டுப் போனார். பிள்ளைகள் கைதட்டினார்கள்.

வெள்ளிக்கிழமை தியானாவின் அம்மா மாற்றுச் சான்றிதழ் கேட்டு வந்தார். அட்டையை ஒட்டியது நான்தான் என்று அவரிடம் நானே சொன்னேன். அவர் மகளிடம் திரும்பினார்.

"நேத்தும் இன்னைக்கும் மருந்த எத்தன தடவ எடுத்தே?"

தியானா யோசித்தாள். பையைத் துழாவினாள்.

"வீட்லயே மறந்து வச்சுட்டேம்மா, ரெண்டு நாளும்."