பச்சை விறகில் என் பங்கு

அறுபதுகளின் ஆரம்பத்தில், ஓர் ஐப்பசி மாதம், ஸ்ரீரங்கத்தில் இருந்த எங்கள் வீட்டை விற்றோம். அப்பாவின் வைத்தியத்துக்கு வாங்கிய கடன் வட்டியும் குட்டியுமாக வளர்ந்திருந்தது. அப்பா போய் ஒரு வருடம் ஆகியும் அது போகவில்லை. பத்திரம் பதிந்த அன்றே பணம் கடன்காரர்கள் கைக்குப் போய்விட்டது. எனக்கு மிஞ்சியது அலுப்பு ஒன்றுதான். உறையூரில் ஒரு சின்ன போர்ஷன் பார்த்து, அம்மாவோடு குடிபோக ஏற்பாடு செய்திருந்தேன்.

அப்போதுதான் விறகுப் பேச்சு வந்தது. இந்த வருடம் எரிக்க வேண்டிய விறகைப் போன வருடமே வாங்கிக் கொல்லைக் கொட்டகையில் அடுக்கிவிடுவது எங்கள் வீட்டு வழக்கம். ஒரு வருடம் காய்ந்தால்தான் புகையாமல் எரியும். அதனால் கொட்டகையில் எப்போதும் இரண்டு அடுக்கு இருக்கும், காய்ந்தது ஒன்று, பச்சை ஒன்று. வீடு கையை விட்டுப் போகும் என்று தெரியாமல் அந்த ஆவணியிலும் நான் ஒரு வண்டி பச்சை விறகு வாங்கிப் போட்டிருந்தேன்.

வீட்டை வாங்கியவர் திருவானைக்காவலில் ஒற்றை அறையில் குடியிருந்த ஒரு பள்ளிக்கூட வாத்தியார். விறகுக்குத் தனியாக விலை கேட்டேன். "வீட்டோட சேர்ந்ததுன்னு நெனச்சேங்க. கையில இருந்ததெல்லாம் பத்திரத்துக்கே சரியாப் போச்சு" என்றார். நானும் விடவில்லை. கடைசியில் தரகர் நடுவில் புகுந்து, காய்ந்ததிலும் பச்சையிலும் ஆளுக்குப் பாதி என்று முடித்து வைத்தார்.

"நீங்களே பிரிச்சு எடுத்துக்குங்க. நான் எதுக்கு நின்னு பார்க்கணும்?" என்று சொல்லிவிட்டு வாத்தியார் கிளம்பிவிட்டார்.

பார்க்க ஆள் இல்லாததுதான் வினையாயிற்று. காய்ந்த அடுக்கை ஏறக்குறைய முழுதும் மாட்டு வண்டியில் ஏற்றினேன். பச்சை அடுக்கின் மேல் மட்டும் காய்ந்த கட்டைகளை இரண்டு வரிசை பரப்பினேன், பார்வைக்கு நன்றாக இருக்கட்டும் என்று. வாத்தியார் மனைவிக்கு அப்போது நிறைமாதம். வீடு பார்க்க வந்தபோது கிணற்றடிப் படியில் "பார்த்து இறங்குங்க" என்று சொன்னவனே நான்தான். தெரிந்தேதான் செய்தேன். அம்மாவுக்கு மூட்டுவலி, காலையில் வெந்நீர் இல்லாமல் ஆகாது என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன். வீடே போய்விட்டது, விறகாவது உருப்படியாக வரட்டும் என்ற கசப்பும் இருந்தது.

உறையூரில் வண்டி நின்றதும் அம்மா இரண்டு கட்டைகளை எடுத்து ஒன்றோடொன்று தட்டிப் பார்த்தாள். கணீரென்று கேட்டது.

"எல்லாம் காஞ்சதாவே இருக்கே. அவங்களுக்கு எதைடா வச்சிட்டு வந்தே?"

"பாதிப் பாதிதாம்மா" என்றேன். அம்மா மேற்கொண்டு கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை.

கார்த்திகையில் என் தங்கை எழுதிய கடிதம் ஒன்று பழைய விலாசத்துக்குப் போய்விட்டது. வந்து வாங்கிக்கொள்ளும்படி வாத்தியார் சொல்லி அனுப்பினார். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை போனேன். நாலு நாளாக விட்டு விட்டு மழை. வாசலுக்கே புகை வந்துகொண்டிருந்தது.

உள்ளே, பிள்ளை பெற்று இருபது நாள் ஆன அந்தப் பெண், தலையில் துணியைச் சுற்றிக்கொண்டு அடுப்பை ஊதிக்கொண்டிருந்தார். தாய் இல்லாதவர், உதவிக்கு வர யாரும் இல்லை என்று பிறகு தெரிந்தது. கண்கள் ரத்தமாகச் சிவந்திருந்தன. கூடத்துத் தூளியில் குழந்தை வீறிட்டு அழுதது. விறகு நுனியில் நுரை தள்ளிக்கொண்டிருந்தது.

"ஒரு மணி நேரமா ஊதறேங்க, குழந்தைக்கு ஊத்தத் தண்ணி காயல. இந்த வீட்டு அடுப்பு எனக்கு இன்னும் பழகல. உங்கம்மா எப்படிப் பத்த வைப்பாங்கன்னு கொஞ்சம் கேட்டுச் சொல்லுங்களேன்" என்றார்.

"கேட்டுச் சொல்றேன்" என்று வாசல் பக்கம் திரும்பினேன். வாத்தியார் கடிதத்தை என் கையில் கொடுத்தார். அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. பாலம் தாண்டி வரும் வழியெல்லாம் அந்தப் பெண் கேட்டதுதான் காதில் இருந்தது.

மறுநாள் ஆபீஸுக்குப் போகும் முன், சைக்கிள் கேரியரில் ஒரு கட்டு காய்ந்த விறகைக் கட்டிக்கொண்டு போனேன். "இது இங்க சேர வேண்டியது" என்றேன். வாத்தியார் வாங்கி உள்ளே வைத்தார். பிறகு கொட்டகைக்குப் போய், அதே அளவு பச்சைக் கட்டைகளை எடுத்து வந்து என் கேரியரில் கட்ட ஆரம்பித்தார்.

"ஐயோ, இருக்கட்டும் சார்" என்றேன்.

"பாதின்னுதானே பேசினோம்? அதுக்கு மேல எடுத்துக்கிட்டா எனக்குச் சரியா இருக்காதுங்க" என்று முடிச்சை இறுக்கினார்.

அவருக்கு முன்பே தெரிந்திருக்கிறது. மனைவியிடம்கூடச் சொல்லாமல், அவரை அடுப்போடு போராட விட்டு, என் மானத்தைக் காப்பாற்றியிருக்கிறார். அது சரியா தப்பா என்று எனக்கு இன்றைக்கும் சொல்லத் தெரியவில்லை. திட்டியிருந்தால் பதிலுக்கு நாலு வார்த்தை பேசிவிட்டு வந்திருப்பேன். அந்த முடிச்சைப் பார்த்தபோது வெட்கமாக இருந்தது.

இப்படியே பத்துப் பன்னிரண்டு நாள், போகும்போது காய்ந்தது, வரும்போது பச்சை. எங்கள் போர்ஷனிலும் புகை சூழ்ந்தது. அம்மா கட்டைகளைத் தட்டிப் பார்க்கவில்லை. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பரவால்ல, எரியும்" என்று மட்டும் சொன்னாள்.

அதற்குப் பிறகு யாரோடு எதைப் பங்கு போட்டாலும், பிரிக்கிற வேலையை எதிராளியிடமே விட்டுவிடுகிறேன். பெருந்தன்மை என்று சிலர் சொல்கிறார்கள். அதெல்லாம் இல்லை, பார்க்க ஆள் இல்லாத இடத்தில் நான் யார் என்று அந்தக் கொட்டகையில் எனக்குத் தெரிந்துபோயிற்று.