அம்மா எழுதாமல் விட்ட உறுதி

அம்மா செத்து மூன்று மாதம் கழித்து வீட்டை விற்பதென்று முடிவெடுத்தேன். தன்னாமுனையில் அந்த வீட்டுக்குள் தனியாக இருக்க என்னால் முடியவில்லை. சமைத்தால் இரண்டு பேருக்குச் சமைத்துவிடுகிறேன். மட்டக்களப்பில் நான் வேலை செய்யும் தையல் கடைக்குப் பக்கத்தில் இரண்டு அறை வீடொன்று விலைக்கு இருந்தது. இதை விற்றால்தான் அதை வாங்கலாம்.

வாங்க வந்தவர் ஒரு ஓய்வுபெற்ற ஆசிரியர். மகளுக்குச் சீதனமாகக் கொடுக்கத் தேடினார்.

"எங்கட லோயரே உறுதி எழுதுவார் புள்ள. செலவு எங்கட. நீங்க வந்து கையெழுத்து வெச்சாச் சரி."

எனக்கு அது நிம்மதியாக இருந்தது. ஒன்பதாம் வகுப்போடு நின்றவள் நான். சட்டத்தரணி என்றாலே பயம். ஆனால் கடையில் பக்கத்து மெஷினில் தைக்கிற அக்கா கத்தினாள்.

"உனக்கென்னகா விசரா? அவங்கட லோயர் அவங்களுக்குத்தானே பார்ப்பார்! உனக்கெண்டு ஒராளப் புடி."

தன் மச்சாளின் காணிப் பிரச்சினையைப் பார்த்த ஒரு பெண் சட்டத்தரணியிடம் அவளே கூட்டிப் போனாள். நான் உட்காருவதற்கு முன்பே கேட்டேன்.

"மிஸ், எவ்வளவு எடுப்பீங்க?"

அவர் சிரித்தார். "உறுதியப் பார்த்துச் சொல்ல மூவாயிரம். மறுகா ஏதும் வேலை இருந்தா, செய்யிறதுக்கு முதல் சொல்லுவன்."

அந்த வாரச் சம்பளத்திலிருந்து எண்ணிக் கொடுத்தேன். அவர் வீட்டு உறுதிப் பத்திரத்தை இரண்டு தரம் வாசித்தார்.

"இது அம்மாட பேரில இரிக்கி. உங்களுக்கு எழுதித் தரல்லையா?"

"இல்ல மிஸ். கல்யாணத்துக்கு எழுதலாமெண்டு இருந்தவ."

"எத்தனை புள்ளையள்?"

"நானும் அண்ணனும்தான். அப்பா முதலே செத்திட்டார். அண்ணன் கட்டார்ல வேலை."

"அப்ப பாதி அவர்ட. அவர் கையெழுத்து இல்லாம விக்க ஏலாது."

"எங்கட பக்கம் வீடு பொம்புளப் புள்ளைக்குத்தானே மிஸ்!"

"அது பழக்கம் தங்கச்சி. அம்மா எழுதியிருந்தா சரி. எழுதாம விட்டா ரெண்டு பேருக்கும் சமன்."

எங்கள் ஊரில் யாரைக் கேட்டாலும் அது என் வீடு என்றுதான் சொல்வார்கள். அம்மாவும் அப்படித்தான் நினைத்திருந்தாள். நினைத்ததாலேயே எழுதவில்லை.

அண்ணனோடு நான் பேசி இரண்டு மாதமாகியிருந்தது. செத்த வீட்டுக்கு அவன் வரவில்லை. லீவு கிடைக்கவில்லையாம். அம்மாவைத் தூக்கும்போது போன் திரையில் அவன் முகம் அழுதுகொண்டிருந்தது. எனக்கு ஆத்திரம்தான் வந்தது. முப்பத்தோராம் நாள் சடங்குக்குப் பிறகு அவனுடைய அழைப்புகளை நான் எடுக்கவேயில்லை. இப்போது பாதி வீட்டைக் கேட்டால் என்ன செய்வது? சட்டத்தரணி வீட்டு வாசலில் நின்றே அழைத்தேன்.

எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன்.

"எண்ட பங்கு எனக்கு எதுக்குடி? அது உண்ட வீடு. ஒப்பம் வைக்கிறன்."

எனக்கு உயிர் வந்தது.

"ஆனா நான் வந்த பிறகு வில். அம்மா இல்லாத வீட்ட நான் இன்னும் பார்க்கல்ல. எனக்கு அவ இன்னும் அங்கதான் இரிக்கா. ஒரு நாள் வந்து படுத்துப்போட்டு, பிறகு வைக்கிறன்."

நான் மட்டும்தான் அம்மாவை இழந்தேன் என்று மூன்று மாதமாக நினைத்திருக்கிறேன்.

திரும்பவும் உள்ளே போனேன். அண்ணன் வந்த பிறகுதான் விற்பனை என்று ஆசிரியரோடு ஒப்பந்தம் எழுதச் சொன்னேன். அதற்கும் மிஸ் காசு சொன்னார். இரண்டு தவணையில் கட்டினேன். ஆசிரியர் முணுமுணுத்தார். "அதுக்குள்ள எங்கட மாப்பிள்ள கிழவனாப் போயிருவான் புள்ள" என்றார். ஆனாலும் ஒப்புக்கொண்டார்.

மட்டக்களப்பு வீட்டுக்காரர் காத்திருக்கவில்லை. அடுத்த வாரமே வேறு ஆட்களுக்குக் கொடுத்துவிட்டார். கவலையில்லை என்று சொன்னால் பொய். அண்ணன் அடுத்த மாதம் வருகிறான். அவன் கையெழுத்து வைத்த பிறகு வேறு வீடு தேட வேண்டும்.