வீட்டோவுக்கு மேலே ஒரு வரி

கூட்டம் தொடங்க மேசையில் தட்டும் அந்த மரச்சுத்தியலைக் கடைந்தவன் நான். ஒஸ்லோவில் எல்லிங்ஸ்ருட் குடியிருப்பின் நிலக்கீழ் அறையில் பலகை அடித்து, வெள்ளை பூசி, எங்கள் தமிழ்ச் சங்கத்துக்கு மண்டபம் ஆக்கியவனும் நான்தான். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் விட்டவன். நோர்வேஜிய மொழியைத் தச்சு வேலைத்தளத்தில் ஏச்சு வாங்கியே பழகியவன். என்னால் ஆகாது என்றவர்கள் எல்லாரும் பிறகு அந்த மண்டபத்தில் இருந்துதான் தேநீர் குடித்தார்கள்.

எங்கள் செயலாளர் வேறு மாதிரி. யாழ்ப்பாணத்தில் சட்டம் படித்தவர். ஒஸ்லோவில் தபால் பிரித்தவர். இரண்டாயிரமாம் ஆண்டின் தொடக்கத்தில் சங்கத்தின் யாப்பை, அதாவது அதன் சட்டதிட்டங்களை, எழுதும் பொறுப்பு அவரிடம் போனது. அமெரிக்க அரசியலமைப்பில் மனிசனுக்கு அப்படியொரு பைத்தியம். ஒரு சனிக்கிழமை பனிச் சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் வந்து வெண்பலகையில் மூன்று வட்டம் கீறினார்.

“இது சட்டவாக்கம், இது நிறைவேற்றுத்துறை, இது நீதித்துறை. ஒண்டை ஒண்டு மிஞ்ச விடாது. எங்கடை பொதுச்சபைதான் காங்கிரஸ். தலைவர் நீங்கள், அப்ப நீங்கள்தான் ஜனாதிபதி.”

“ஜனாதிபதிக்கு என்ன கிடைக்கும்?”

“வீட்டோ. சபை எடுத்த முடிவை வேண்டாமெண்டு திருப்பி அனுப்பலாம்.”

எனக்குப் பிடித்துக்கொண்டது. ஆனால் உள்ளிருந்து திறக்க முடியாத கதவை நான் ஒருநாளும் பொருத்தியதில்லை. “எனக்குப் பிறகு ஒரு விசரன் வந்து எல்லாத்தையும் திருப்பினா?” என்று கேட்டேன். அமெரிக்காவில் இரு சபைகளிலும் மூன்றில் இரண்டு பங்குபேர் மீண்டும் வாக்களித்தால் வீட்டோ செல்லாது என்றார். நம் சின்னச் சங்கத்துக்கு எதற்கு என்று அதை விட்டுவிட்டாராம்.

“அந்த வரியையும் போடும்,” என்றேன்.

“அண்ணை, உங்கடை கதிரைக் காலை நீங்களே அரியிறியள்,” என்று சிரித்தார். நான் விடவில்லை. வரி ஏறியது.

இரண்டு வருடம் கழித்து, தமிழ் வகுப்பை எங்கள் மண்டபத்திலிருந்து பக்கத்து நகரான லில்லெஸ்ட்ரோமுக்கு மாற்றச் சபை முடிவெடுத்தது. ரயிலடிக்குப் பக்கம், பிள்ளைகளுக்கு வசதியாம். நான் கட்டின மண்டபம் என்ன பாவம் செய்தது? வீட்டோ போட்டேன். மறுகூட்டத்தில் மூன்றில் இரண்டுக்கு மேலே கைகள் எழும்பின; செயலாளரின் கையும்தான். “உங்கடை வரிதான் அண்ணை,” என்றார் மெதுவாக. தோற்றவன் நான், ‘நிறைவேறியது’ என்று சுத்தியலைத் தட்டியவனும் நான். இப்படியான இடத்தில்தான் வேறு சங்கங்கள் இரண்டாய் உடைந்தன. எங்களுடையது உடையவில்லை.

செயலாளர் இப்போது இல்லை. இந்த வருட ஆண்டு மலரில் அவரை ‘யாப்பின் சிற்பி’ என்று போட்டிருக்கிறார்கள். போடட்டும், மூன்று வட்டமும் அவருடையவைதான். ஆனால் அந்த ஒரு வரியையும் தனியே எடுத்து, அவருடைய தொலைநோக்கு என்று புகழ்ந்திருக்கிறார்கள். என் பெயர் சுத்தியல் படத்துக்குக் கீழே, ‘தளபாட உதவி’ என்று கிடக்கிறது. அவர் உயிரோடு இருந்திருந்தால் தானே திருத்தியிருப்பார்.

சுத்தியலை எந்தத் தச்சனும் கடைவான். அந்த வரியைக் கேட்டு வாங்கியவன் நான், அதற்குத் தலை குனிந்தவனும் நான். அடுத்த மலரில் என் பெயரைச் சுத்தியலின் கீழிருந்து எடுத்து, அந்த வரியின் கீழே போடுங்கள்.