ஸ்கேன் அறையில் காலைப் பிடித்திருந்த அக்கா

2006 என்று நினைவு. புதுச்சேரியில் ஆராய்ச்சி மாணவியாக இருந்தேன். புரதத்தைக் கண்ணுக்கே தெரியாத துகள்களாக்கி, எம்.ஆர்.ஐ. ஸ்கேனில் படம் பளிச்சென்று விழுவதற்காகப் போடும் காந்த மருந்தை அவற்றில் ஏற்றுவதுதான் என் வேலை. நாள் முழுக்கச் சோதனைக் குழாய்களோடுதான் பேச்சு. விடுதியில் என் தென்காசிப் பேச்சைக் கேலி செய்தார்கள் என்று நானே ஒதுங்கிக்கொண்டேன்.

விடாத தலைவலிக்காகக் கோரிமேட்டில் ஒரு டாக்டரைப் பார்த்தேன். மூளையில் கட்டி இருக்கிறதா என்று ஊசி போட்டு ஸ்கேன் எடுத்துப் பார்க்க வேண்டும் என்றார். ஊரில் சொன்னால் அம்மா அழுதே மாய்ந்துவிடுவாள். சொல்லவில்லை.

ஸ்கேன் அறை வாசலில் நர்ஸ், “கூட யாரு வந்திருக்காங்க? ஆளு இல்லாம ஊசி போட மாட்டோம்மா” என்றார்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. நாள் முழுக்க நான் கலக்கும் மருந்தை ஊசியில் ஏற்ற எனக்கே துணை ஆளா! ஆனால் வாயைத் திறந்தால் அழுகைதான் வந்தது.

பக்கத்தில் குருசுக்குப்பத்து மீன்காரம்மா ஒருவர், பக்கவாதம் வந்த கணவரைச் சக்கர நாற்காலியில் வைத்துக்கொண்டு ஸ்கேனுக்குக் காத்திருந்தார். “இன்னா கண்ணு, இதுக்குப் போயி அழுவுற? நான் வரேன் வா” என்று எழுந்துவிட்டார்.

உள்ளே வருபவர் உடம்பில் இரும்பு இருக்கக் கூடாது. அவர் தாலிக்கயிற்றிலோ கொத்தாக ஊக்குகள். தாலியையே கழற்றிவிட்டு வரச் சொன்னார் நர்ஸ். புருஷன் இப்படிக் கிடக்கும்போது எந்தப் பெண் தாலியைக் கழற்றுவாள்? வேண்டாம் அக்கா என்றேன். அவர் கேட்கவில்லை. கழற்றிக் கணவரின் நல்ல கையில் வைத்து மூடினார். “கட்டுன ஆளே வெச்சிருக்கட்டும். யோவ், தூங்கிடாத.” அந்த மனிதர் கோணிய வாயால் சிரித்தார்.

மருந்து ஏறியதும் கை நரம்பில் சில்லென்று ஓடியது. வருஷக்கணக்காக நான் கலக்கிக்கொண்டிருந்த அதே மருந்துதான். உடம்புக்குள் வந்தால் இவ்வளவு பயமாக இருக்கும் என்று எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை. இயந்திரம் டமடமவென்று அடித்த நேரமெல்லாம் இரண்டு கைகள் என் பாதத்தை விடவே இல்லை.

வெளியே வந்து அவர் குனிய, கணவர் ஒற்றைக் கையால் தடுமாறித் தாலியைக் கழுத்தில் போட்டுவிட்டார். “ரிசல்ட் வந்ததும் வார்டாண்ட வந்து சொல்லு கண்ணு. சொல்லாம போயிட்டா எனக்குத் தூக்கம் வராது” என்றார்.

மறுநாள் தெரிந்தது, கட்டி இல்லை. வார்டுக்கு ஓடினேன். அவர் கணவர் இருந்த கட்டிலில் வேறு யாரோ படுத்திருந்தார்கள். காலையிலேயே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்களாம். குருசுக்குப்பத்திலும் போய்த் தேடினேன். பெயர்கூடக் கேட்காமல் விட்டவளுக்கு யார் வழி சொல்வார்கள்!

இத்தனை வருஷத்துக்குப் பிறகும் என் மனசு அடித்துக்கொள்வது ஒன்றுக்காகத்தான்: எனக்கு ஒன்றும் இல்லை என்பது தெரியாமல், அந்த அக்கா இன்னும் எனக்காகப் பயந்துகொண்டிருக்கக் கூடாதே.