எந்நேரமும் எங்கேஜ்டு!

தொண்ணூறுகளின் கடைசியில், திண்டுக்கல் பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஓர் எஸ்.டி.டி. பூத்தில் வேலை பார்த்தேன். அப்போதுதான் கல்யாணமாகியிருந்தது. கணவர் தன் நண்பரோடு கூட்டாக லேத் பட்டறை நடத்தினார். என் சம்பளமும் சேர்ந்தால் தனிப் பட்டறை போட்டுவிடலாம் என்று எங்களுக்கு ஆசை. அது நண்பரின் கண்ணை உறுத்தியது எனக்குத் தெரியாது.

திடீரென்று கணவர் முகம் கொடுத்துப் பேசுவதை நிறுத்தினார். பூத்துக்கு யார் யார் வருகிறார்கள் என்று துருவினார். கடைசியில், "இந்த மாசத்தோட வேலைய நிறுத்திக்க" என்றார். காரணம் கேட்டால் சட்டையை மாட்டிக்கொண்டு பட்டறைக்குக் கிளம்பிவிடுவார். நான் ஒரு தப்பும் செய்யவில்லை என்று அழுததுதான் மிச்சம்.

அந்த வாரம் பக்கத்து வீட்டுப் பெண், தன் கல்லூரி விழா நாடகத்துக்குக் கூட்டிப்போனாள். பழைய சோக நாடகம். கூடவே இருப்பவன் தூபம் போட்டே ஒரு தளபதியைச் சந்தேகப் பிராணியாக்குகிறான். அந்தத் தளபதி கட்டிய மனைவியையே கொன்றுவிடுகிறான். அரங்கமே மூக்கைச் சிந்தியது. எனக்கோ அழுகையை மீறிக்கொண்டு ஆத்திரம். சாகும்வரை கெஞ்சுகிறாளே தவிர, 'சொன்னவனை என் முன்னால் நிறுத்து' என்று அடித்துக் கேட்கவில்லையே! நான் மட்டும் என்ன கிழித்தேன்? அதேதான்.

வீட்டுக்கு வந்ததும், "யாரு சொன்னா, என்ன சொன்னா? அது தெரியாம வேலைய விட மாட்டேன்" என்றேன். அப்போதுதான் விஷயத்தைச் சொன்னார். நண்பர்தான். பட்டறைக்கு எதிர்க் கடை போனிலிருந்து எங்கள் பூத்துக்குப் போட்டு, ரிசீவரை இவர் காதில் வைப்பாராம். எப்போதும் எங்கேஜ்டு. "அம்புட்டு நேரம் யாருகூடப்பா பேசுது?" என்று பெருமூச்சு வேறு விடுவாராம்.

எனக்குச் சிரிப்பதா, தலையில் அடித்துக்கொள்வதா என்று தெரியவில்லை. "நாளைக்கு அவரையும் கூட்டிக்கிட்டு பூத்துக்கு வாங்க. இல்லன்னா எங்க அப்பாவ வரச் சொல்றேன்" என்றேன்.

இருவரும் வந்தபோது, ராத்திரி எஸ்.டி.டி. கட்டணம் குறையும் நேரம். வரிசை வாசலைத் தாண்டி ரோட்டில் நின்றது.

"அண்ணே, இருக்கிறது ஒரே லைனு. இம்புட்டுப் பேரும் பேசுறாக. இதுல நான் எப்ப, யாருகூடப் பேசுறேன்னு நீங்களே காட்டுங்க" என்றேன். வரிசையே திரும்பிப் பார்த்தது.

"சும்மா வெளையாட்டுக்குச் சொன்னேன் தங்கச்சி" என்று நழுவினார்.

கணவர் தலை நிமிரவில்லை. "நீ வேலையப் பாரு" என்று மட்டும் சொன்னார். மன்னிப்புக் கேட்க அவருக்கு நாளாயிற்று. நானும் லேசில் இறங்கி வரவில்லை.

இன்றும் யாராவது "சொல்றேன்னு தப்பா நெனைக்காத" என்று அடுத்தவரைப் பற்றி ஆரம்பித்தால், "செத்த நேரம் இருங்க, அவங்களையும் கூப்பிடுறேன்" என்பேன். அதற்குப் பிறகும் உட்கார்ந்து பேசியவர் ஒருவரைக்கூட நான் இன்னும் பார்க்கவில்லை.