சிவப்பு வழியில் நான்கு பாட்டில்

துபாயில் மகள் வீட்டில் ஒரு மாதம் இருந்துவிட்டு ஊருக்குக் கிளம்பினேன். விமான நிலையத்தில் பெரிய பெட்டியை எடை போட்டு உள்ளே அனுப்பிய பிறகுதான் மருமகன் வாயைத் திறந்தார்.

"அத்தை, பெட்டியில நாலு பாட்டில் விஸ்கி வெச்சிருக்கேன். அண்ணன் கேட்டாரு. புது வீடு கட்டியிருக்காரில்ல, பிரெண்ட்ஸுக்கு விருந்து வெக்கணுமாம்."

"யார் பெட்டியில?"

"உங்க பெட்டியிலதான். ஒவ்வொண்ணும் ஒரு லிட்டர். ரெண்டு லிட்டருக்கு மேல கொண்டுபோனா வரி. ஆனா உங்களை யார் கேக்கப்போறாங்க? வயசான லேடீஸ்."

மகள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவளுக்கும் தெரிந்திருக்கிறது.

மரக்காணத்தில் நான் இட்லிக்கடை வைத்திருக்கிறேன். அதற்கு முன்னால் உப்பளத்தில் உப்பு வாரினேன். அளத்துக்குப் போகிற வழியில் ஒயின்ஷாப் ஒன்று இருக்கிறது. விடியுமுன் வேலைக்குப் போகிற பெண்கள், ரோட்டில் விழுந்து கிடக்கிறவர்களைத் தாண்டித் தாண்டித்தான் போகவேண்டும். அந்தக் கடையை வேறு இடத்துக்கு மாற்றச் சொல்லி, நான் ஊர் திரும்பியதும் வருகிற திங்கட்கிழமை கலெக்டரிடம் மனு கொடுப்பதாக ஏற்பாடு. முன்னால் நின்று பேசவேண்டியவள் நான். இப்போது என் பெட்டியில் நாலு பாட்டில். ஒளித்துக் கொண்டுபோய் மாட்டினால் என் பேர் கெடுவது இருக்கட்டும், எங்கள் மனுவை எவன் கையில் வாங்குவான்?

விமானத்தில் பக்கத்து சீட்டில், எங்கள் ஊருக்குப் பக்கத்துப் பிரம்மதேசத்துக்காரர் ஒருவர். துபாயில் கொத்தனார் வேலை. கேட்கிற முகமாக இருந்ததால் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

"இதுக்கா இவ்ளோ யோசனை? நான் குடிக்கிறதில்லைம்மா. என் பங்கு ரெண்டு லிட்டர் சும்மாதான் கிடக்குது. பெட்டி வந்ததும் ரெண்டை என் பையில தள்ளிவிடுங்க, வெளியில போய் வாங்கிக்கங்க."

நல்ல மனுஷன். ஒரு நிமிஷம் எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது.

"வேணாம்ப்பா. யாராவது கேட்டா நீ ஒரு பொய் சொல்லணும், நான் ஒரு பொய் சொல்லணும். எனக்கு ஒரு பொய்யே ஒழுங்கா வராது."

அவர் சிரித்துவிட்டு, "அப்ப சிவப்புல போங்க" என்றார்.

சென்னையில் பெட்டியை எடுத்துக்கொண்டு வந்தால் கஸ்டம்ஸில் இரண்டு வழி. எதுவும் இல்லாதவர்களுக்குப் பச்சை, சொல்லவேண்டியது இருப்பவர்களுக்குச் சிவப்பு. கூட்டமெல்லாம் பச்சையில் போயிற்று. நான் வண்டியைச் சிவப்புக்குத் தள்ளினேன்.

மேசையில் ஒரு பெண் அதிகாரி. "வழி மாறி வந்துட்டீங்களாம்மா? பச்சை அந்தப் பக்கம்."

"இல்லம்மா. நாலு லிட்டர் விஸ்கி இருக்குது."

அவர் என் புடவையைப் பார்த்தார், முடியைப் பார்த்தார். "யாருக்கு?"

"எனக்கில்லம்மா. சம்பந்தி வீட்டுக்கு."

பக்கத்தில் இருந்தவர் குனிந்து சிரிப்பை அடக்கினார். இரண்டு பாட்டிலுக்கு வரி இல்லை, மற்ற இரண்டுக்குக் கட்டவேண்டும் என்று அந்த அம்மா பொறுமையாகச் சொன்னார். வரி, பாட்டில் விலையையே தாண்டியது. "வேணாம்னா ரெண்டை இங்கயே விட்டுட்டும் போகலாம்."

விட்டுவிடலாம். கை வீசிக்கொண்டு போகலாம். ஆனால் அந்த இரண்டு பாட்டிலுக்காக என் மகள் எத்தனை நாள் பேச்சு கேட்பாள்? கடைக்குப் பருப்பு, அரிசி எடுக்க வைத்திருந்த பணம் கார்டில் இருந்தது. நீட்டினேன். ரசீது கொடுத்தார்கள்.

வெளியே காரோடு மருமகனின் அண்ணன். விஷயத்தைக் கேட்டதும் முகம் சுருங்கியது. "பச்சையில வந்திருந்தா இந்தத் தண்டச்செலவு இல்லையே அத்தை."

"அதை உங்க தம்பிகிட்ட வாங்கிக்கிறேன். நீங்க பாட்டிலை எடுத்து முன்னாடி வெச்சிக்கங்க. இனிமே என் பெட்டியில என் துணி மட்டும்தான் வரும்."

மரக்காணம் வரைக்கும் அவர் ரேடியோவோடுதான் பேசிக்கொண்டு வந்தார்.

மறுநாள் காலையில் முதல் வேலையாக அளத்துக்குப் போனேன். பெண்கள் வரப்பில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அடுத்தவர் வாயில் கேட்பதற்கு முன்னால் என் வாயாலேயே சொன்னேன்.

"நாம கடையை மாத்தச் சொல்றோம், நீ கடையையே தூக்கினு வந்திருக்கியே அக்கா" என்றாள் ஒருத்தி.

இன்னொருத்தி கையை உதறிக்கொண்டு கேட்டாள். "ஒளிச்சியா?"

"இல்ல. சொல்லி, வரி கட்டித்தான் எடுத்தாந்தேன்."

"அப்புறம் என்னா? திங்கக்கிழமை நீயே பேசு."

திங்களன்று பஸ் ஸ்டாப்பில், ஒயின்ஷாப் வாசலில் சுண்டல் விற்கிறவன் தன் வண்டியோடு எனக்காகக் காத்திருந்தான். விருந்துச் செய்தி ஊருக்கு வந்துவிட்டது.

"ஏம்மா, பாரின் சரக்கு எறக்கினியாமே?"

"எறக்கினேன்பா. நாலு பாட்டில். கவர்மெண்டுகிட்ட சொல்லி, வரி கட்டி. நாங்க ஒயின்ஷாப்பை மூடவும் சொல்லலை, உன் சுண்டல் யாவாரத்தைக் கெடுக்கவும் சொல்லலை. எங்க வழியில வேணாம்னுதான் சொல்றோம்."

அவன் சுண்டலைக் கிளற ஆரம்பித்தான். விழுப்புரம் பஸ் வந்தது. கலெக்டர் ஆபீசில் எங்கள் முறை வந்தபோது மனுவை என் கையில் திணித்து முன்னால் தள்ளினார்கள். நான் பேசினேன்.